முதல் வேலை நேர்காணல்: நெல்லைப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எனக்கு முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம். பாளையங்கோட்டையில் பட்டப்படிப்பு முடித்து, ஏழு நேர்காணல்களில் தேறாமல், எட்டாவதில் மென்பொருள் சோதனை வேலையில் சேர்ந்தேன். இப்போது புதியவர்களைத் தேர்வு செய்யும் குழுவிலும் உட்காருகிறேன். ஊருக்கு வந்தால் கல்யாண வீட்டில், கோயில் கொடையில், பஸ்ஸில் என்று எங்கே பார்த்தாலும் கல்லூரி முடித்த பிள்ளைகள் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் துண்டு துண்டாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். பேச்சுநடையை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நேர்காணல் என்றால் போய் உட்கார்ந்து பேசுவதுதானே அக்கா? நான்கு சுற்று, ஐந்து சுற்று என்கிறார்களே?

பேசுவது கடைசியில்தான் வரும். மென்பொருள் நிறுவனங்களில் முதலில் கணினியில் ஒரு தேர்வு இருக்கும்: கணக்கு, தர்க்கம், ஆங்கிலம். கழிந்துபோகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேயே கழிந்துவிடுகிறார்கள். அடுத்தது நிரல் எழுதும் சுற்று. அதில் தேறினால் தொழில்நுட்ப நேர்காணல், முடிவில் மனிதவள அதிகாரியுடன் பேச்சு. விற்பனை, வங்கி, காப்பீடு போன்ற வேலைகளில் நிரலுக்குப் பதில் குழு விவாதம் வைப்பார்கள். கால் சென்டர் என்றால் குரலையும் தட்டச்சு வேகத்தையும் பார்ப்பார்கள்.

சில நிறுவனங்கள் எல்லாச் சுற்றையும் ஒரே நாளில் முடித்துவிடும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவாகிவிடும். தண்ணீர் பாட்டிலும் சாப்பிட ஏதாவதும் கையில் இருக்கட்டும். பசி மயக்கத்தில் தொழில்நுட்பச் சுற்றில் உளறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் மூன்றாவது நேர்காணலில் நானே அப்படித்தான் இருந்தேன்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? அசல் சான்றிதழைக் கேட்டால் கொடுத்துவிடலாமா?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பருவத் தேர்வு மதிப்பெண்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஆதார், பான், நான்கைந்து புகைப்படங்கள், ரெஸ்யூம் மூன்று பிரதி. அசலைக் காட்டலாம். அவர்கள் சரிபார்த்ததும் அங்கேயே திரும்ப வாங்கிவிட வேண்டும். ‘எங்களிடம் இருக்கட்டும், ஒரு வருடம் கழித்துத் தருகிறோம்’ என்றால் கொடுக்காதீர்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் ஒப்பந்தம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது பெயரின் தலைப்பெழுத்துதான். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். இணைய விண்ணப்பமோ ‘முதற்பெயர், கடைசிப்பெயர்’ என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. பான் விண்ணப்பத்தில் கடைசிப்பெயர் கட்டத்தில் வெறும் எழுத்தைப் போட முடியாது என்பதால் அங்கே அப்பாவின் முழுப்பெயர் வந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து, ஆதாரில் சில சமயம் அதுவும் இல்லை. பணியில் சேரும் நாளில் பின்னணி சரிபார்ப்பவர் இவை மூன்றும் மூன்று ஆள் என்பதுபோல் கேள்வி அனுப்புவார். கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே ஆதாரைப் பத்தாம் வகுப்புப் பட்டியலோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். விண்ணப்பங்களில் கடைசிப்பெயராக அப்பாவின் முழுப்பெயரையே எல்லா இடத்திலும் போடுங்கள்.

நேர்காணல் சென்னையில். மூன்று நாள் முன்னால்தான் மின்னஞ்சல் வந்தது. டிக்கெட்டும் இல்லை, தங்க இடமும் இல்லை.

ரயிலில் முன்பதிவு அறுபது நாள் முன்னால் திறந்து தீர்ந்துபோயிருக்கும். தட்கல்தான் வழி: பயணத்துக்கு முந்தைய நாள், ஏ.சி. வகுப்புக்குக் காலை பத்து மணி, படுக்கை வகுப்புக்குப் பதினொரு மணி. நெல்லை எக்ஸ்பிரஸ் கிடைத்தால் நல்லது. இரவில் ஏறினால் காலையில் சென்னை. இடம் ஓ.எம்.ஆர்., சிறுசேரி பக்கம் என்றால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் தென்மாவட்டப் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகருக்குள் போக ஒன்றரை மணி நேரத்தையாவது கணக்கில் வைக்க வேண்டும்.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். ஊர்க்காரர் அறை எப்படியும் ஒன்று இருக்கும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் யாருடைய அறையிலோ பாய் விரித்துப் படுத்தவர்தான்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் என்ன சொல்வது?

இணையத்தில் கிடைக்கும் பத்தியை மனப்பாடம் செய்து வராதீர்கள். ‘நான் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவன், குழுவாக வேலை செய்பவன்’ என்பதை ஒரே நாளில் இருபது பேர் வாயால் கேட்கிறோம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதன் ஓரத்தைப் பிடித்தபடி, சுவரைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தான். நடுவில் என் சக அதிகாரி ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று கேட்டுவிட்டார். பையனுக்கு ஓட்டம் அறுந்துவிட்டது. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினான். அவனை நிறுத்தி, தமிழில் ‘அப்பாவுக்கு வயல் இருக்கிறதா?’ என்று கேட்டேன். பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுந்துவிடும் என்றும், மூன்று கட்ட மின்சாரத்தில் ஒரு கட்டம் வராதபோது அப்படி ஆகிறது என்று தானே கண்டுபிடித்ததாகவும் சொன்னான். ஃபைலைப் பிடித்திருந்த கை இப்போது காற்றில் கம்பிகளை வரைந்துகொண்டிருந்தது. அதன்பிறகு இருபது நிமிடம் அவனிடம் வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே பெயர், ஊர், படிப்பு மூன்றையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். பிறகு நீங்களே கையால் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். அதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விக்கு விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தமிழ்வழியில் படித்தேன். ஆங்கிலம் புரிகிறது, பேச வரவில்லை. எனக்கெல்லாம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அந்தக் குறையைக் கவனிக்காமல் விட்டால் கிடைக்காது. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 சதவீத முன்னுரிமை உண்டு. தனியாரில் அது கிடையாது.

தேர்வுக் குழு இலக்கணம் பார்ப்பதில்லை. கேட்ட கேள்வி உங்களுக்குப் புரிந்ததா, நீங்கள் சொல்வது எங்களுக்குப் புரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம். சிறு வாக்கியமாகப் பேசினால் இரண்டும் நடந்துவிடும். நீளமான வாக்கியத்தில் இறங்கினால் வினைச்சொல்லைத் தேடி நடுவழியில் நின்றுவிடுவீர்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள், அதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வேறெதையோ சொல்வதுதான் உங்களைக் கவிழ்க்கிறது.

பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மூன்று மாதம் தினமும் பதினைந்து நிமிடம், ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியை வாய்விட்டுப் படியுங்கள். மூடிவைத்துவிட்டு அதையே சொந்தமாகச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலை உங்களாலேயே கேட்க முடியாது. நானும் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பேசிப் பழகினேன்.

என் அம்மா பீடி சுற்றுகிறார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் அதைச் சொல்லலாமா? மட்டமாக நினைப்பார்களா?

இதைக் கேட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். என் அம்மாவும் பீடி சுற்றியவர்தான். முதல் ஐந்து நேர்காணல்களில் ‘அம்மா இல்லத்தரசி’ என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

எட்டாவது நேர்காணலில் ‘சோதனை என்றால் என்ன? பாடப்புத்தகத்தில் இருப்பது வேண்டாம்’ என்றார் எதிரில் இருந்தவர். வேறெதுவும் தோன்றாமல், பீடிக் கடையைச் சொன்னேன். இலையை ஊறவைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போட்டு அம்மா கொண்டுபோவார். கடைக்காரர் ஒவ்வொரு கட்டையும் உள்ளங்கையில் உருட்டுவார். தளர்ந்தது, குட்டையானது, இலை கிழிந்தது எல்லாம் கழிவு. கழிந்ததற்குக் கூலி இல்லை. அதனால் அம்மா கட்டுப் போடும் முன்னே தானே உருட்டிப் பார்ப்பார். ‘கடையில் கழிப்பது ஒரு சோதனை, அம்மா வீட்டிலேயே உருட்டிப் பார்ப்பது இன்னொரு சோதனை. வீட்டில் கண்டுபிடித்தால் ஒரு பீடியோடு போகும். கடையில் கண்டுபிடித்தால் ஒரு நாள் கூலியில் கை வைக்கும்’ என்றேன். தவறை எவ்வளவு முன்னால் பிடிக்கிறோமோ அவ்வளவு செலவு குறைவு என்பதுதான் எங்கள் துறையின் முதல் பாடம். அது அந்த நேரத்தில் எனக்கே தெரியாது.

சொல்லுங்கள். மட்டமாக நினைக்கிற ஒருவர் இருந்தால், அவரிடம் வேலை பார்க்காமல் தப்பித்தது உங்கள் நல்ல காலம்.

தெரியாத கேள்வி கேட்டால் என்ன செய்வது? ‘தெரியாது’ என்று சொன்னால் வெளியே அனுப்பிவிட மாட்டார்களா?

எல்லாவற்றுக்கும் ‘தெரியாது’ என்றால் அனுப்பிவிடுவார்கள். ஒன்றிரண்டுக்குச் சொன்னால் அனுப்பமாட்டார்கள். புதியவருக்கு எல்லாம் தெரிந்திருக்காது என்று எங்களுக்குத் தெரியும். சில கேள்விகளை உங்கள் அறிவு எங்கே முடிகிறது என்று பார்க்கத்தான் கேட்கிறோம்.

தெரியாததைச் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. தரவுத்தளத்தில் ‘இன்டெக்ஸ்’ எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். ஒருவர் ஐந்து நிமிடம் சுற்றிவளைத்தார். இன்னொரு பெண் ‘அதைப் பயன்படுத்தியதில்லை. ஆனால் அந்தச் சொல் புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவைக் குறிக்கும். அதுபோல வேகமாகத் தேடுவதற்காக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன்’ என்றாள். ஊகம் சரி. தப்பாக இருந்திருந்தாலும் அவளைத் தேர்ந்தெடுத்திருப்போம். தெரிந்தது இது, ஊகம் இது என்று பிரித்துச் சொல்கிறவரை நம்பி வேலையை ஒப்படைக்கலாம்.

கல்லூரி ப்ராஜெக்ட்டை ஒரு சென்டரில் பணம் கொடுத்துத்தான் வாங்கினோம். எல்லாரும் அப்படித்தான். ரெஸ்யூமில் அதைப் போடலாமா?

அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ‘இதில் எந்தப் பகுதியை நீங்கள் எழுதினீர்கள்? எங்கே சிக்கியது? எப்படிச் சரிசெய்தீர்கள்?’ இந்த மூன்றில் இரண்டாவதுக்கே வாங்கியவரிடம் விடை இருக்காது. உண்மையில் செய்தவருக்கோ சிக்கிய இடம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

வாங்கியது வாங்கியதாகிவிட்டது. இப்போது ஒரு மாதம் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு திரையை மாற்றுங்கள், ஒரு புதிய வசதி சேருங்கள். அல்லது சின்னதாக ஒன்றைத் தொடக்கத்திலிருந்து நீங்களே செய்யுங்கள். ஏரலிலிருந்து வந்த ஒருவர் தன் சித்தப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டைக் கைபேசிச் செயலியாக மாற்றியிருந்தார். பார்க்க அழகாக இல்லை. ஆனால் பாதிக் கடனைத் திருப்பிக் கொடுத்தால் மீதியை எப்படிக் காட்டுவது, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றையும் யோசித்திருந்தார். ரெஸ்யூமில் எழுதும் ஒவ்வொரு வரியும் கேள்விக்கு அழைப்பு. இரண்டு நிரல் மொழி தெரிந்தால் இரண்டை மட்டும் போடுங்கள்.

கணக்குத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

சதவீதம், விகிதம், நேரமும் வேலையும், ரயில் கணக்கு, எண் தொடர் ஆகியவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 6 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? சூத்திரம் தேட வேண்டாம். வேலையை 12 பங்காக்குங்கள். முதலாமவர் நாளுக்கு 1, இரண்டாமவர் 2, சேர்ந்து 3. ஆக 4 நாள். இப்படி யோசிக்கப் பழகினால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். தேர்வில் உங்களுக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான்.

குழு விவாதத்தில் முதலில் பேசினால்தான் மதிப்பெண்ணா?

இல்லை. அடுத்தவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அதன்மேல் ஒன்று சேர்த்தால் போதும். கத்துகிறவர்களைக் குறித்துக்கொள்வது வேறு காரணத்துக்காக.

அரியர் வைத்து முடித்தேன். இரண்டு வருடம் இடைவெளியும் இருக்கிறது. மறைத்துவிடலாமா?

மறைக்க வேண்டாம். சேர்ந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் தெரிந்தால் வேலையே போகும். சில நிறுவனங்கள் அறுபது சதவீதம் கேட்கும், சில முன்னர் இருந்து இப்போது முடித்த அரியரைப் பொருட்படுத்தாது. அறிவிப்பைப் படித்துவிட்டு, தகுதியுள்ள இடத்துக்கு மட்டும் போங்கள்.

இடைவெளிக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அரசுத் தேர்வுக்குப் படித்தேன், அப்பாவின் சிகிச்சைக்காக உடனிருந்தேன், கடையைப் பார்த்துக்கொண்டேன். எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். அடுத்த வாக்கியம் அந்த நாளில் கற்றுக்கொண்டதைப் பற்றி இருக்கட்டும். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். அப்பாவைப் பார்த்துக்கொண்டது குற்றமல்ல.

நான் ஐ.டி.ஐ. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் இதே மாதிரிதானா?

அங்கே கையைப் பார்ப்பார்கள். வெர்னியர் காலிப்பரையும் ஓர் உருளையையும் கொடுத்து அளக்கச் சொல்வது வழக்கம். முதன்மை அளவுகோலில் 24 மி.மீ., வெர்னியரில் பதினெட்டாவது கோடு ஒத்துப்போகிறது, மீச்சிற்றளவு, அதாவது கருவி காட்டும் மிகச் சிறிய அளவு, 0.02 என்றால் 24 + 18 × 0.02 = 24.36 மி.மீ. அளக்கும் முன்னே தாடைகளை மூடி, சுழிப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறீர்களா என்பதைத்தான் மேற்பார்வையாளர் கவனிப்பார். மின்பிரிவு என்றால் கம்பியைத் தொடும் முன் மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று சோதிப்பதைக் கவனிப்பார்.

இரவு ஷிஃப்ட் வருவீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள். நிறக்குருடு பரிசோதனை உட்பட மருத்துவச் சோதனையும் இருக்கும். நிறுவனப் பஸ் உங்கள் ஊர் வழியாக வருகிறதா, எத்தனை மணிக்கு என்று நீங்களும் கேளுங்கள். சிறிய விஷயம்போலத் தெரிந்தாலும், சேர்ந்தவர்கள் முதல் மாதத்தில் நின்றுவிடுவது பெரும்பாலும் இந்தப் பஸ்ஸால்தான்.

ஊரிலிருந்தே ஆன்லைன் நேர்காணல். விடையை ஏ.ஐ. கருவியில் தேடிப் படித்தால் தெரிந்துவிடுமா?

தெரிந்துவிடும். கேட்டதும் இரண்டு விநாடி மௌனம், பிறகு கண்கள் இடமிருந்து வலம் போகும், குரல் தட்டையாகும். அதற்குப் பிறகு ‘நீங்கள் சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்’ என்பேன். அவ்வளவோடு முடிந்துவிடும். தயாராகும்போது அந்தக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள். தெரியாததை எப்படிச் சொல்வது என்று மேலே எழுதியதுதான் இங்கேயும் கைகொடுக்கும்.

வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும். சிக்னல் எடுக்காத ஊர் என்றால் அன்றைக்கு மட்டும் டவுனில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

வருடத்துக்கு மூன்று லட்சம் என்றார்கள். மாதம் இருபத்தைந்தாயிரம் வரும்தானே?

வராது. சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,500 ரூபாய். பணிக்கொடைக்காக 4.81 சதவீதம், சுமார் 601 ரூபாய். இவை கழிந்து 22,899. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500 பிடிப்பார்கள். மிச்சம் 21,399. காப்பீட்டுப் பிரீமியமும் தொழில்வரியும் போக 21,000 அளவில் கையில் நிற்கும். செயல்திறன் ஊக்கத்தொகையும் அந்த மூன்று லட்சத்துக்குள்ளேயே இருந்தால் இன்னும் குறையும். ‘மாதம் கையில் எவ்வளவு வரும்?’ என்று மனிதவள அதிகாரியிடம் கேளுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை. சென்னையில் விடுதி வாடகை கட்டப்போவது நீங்கள்தான்.

தேர்வாகிவிட்டேன், பயிற்சிக்கு முன்பணம் பதினைந்தாயிரம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். உண்மையான நிறுவனம் வேலை தருவதற்குப் பணம் வாங்காது. லேப்டாப் வைப்புத்தொகை, சீருடை, ஆவணச் சரிபார்ப்பு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்றுதான். வள்ளியூர்ப் பக்கம் ஒரு குடும்பம் மகனுக்காகத் தோட்டை அடகு வைத்துக் கட்டியது. கடிதத்தில் பெரிய நிறுவனத்தின் சின்னம் இருந்தது, அனுப்பிய மின்னஞ்சல் முகவரியோ யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய சாதாரண முகவரி. அந்த அம்மா வெறுங்காதோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தது என்னால் மறக்க முடியாதது.

கட்டியிருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணம் வழியிலேயே நிறுத்தப்பட வாய்ப்புண்டு.

இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் மாட்டிக்கொள்வேனா?

இத்தனை காலம் முடியுமுன் விலகினால் பணம் கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம்தான் பாண்டு. படித்துவிட்டுப் போடுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதை வைத்துக்கொண்டு ‘பாண்டே செல்லாது’ என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் இரண்டு லட்ச ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு அது, வெளியே போய் வேறு வேலை செய்வதற்குத் தடையல்ல என்பது அதன் காரணம். தொகை நியாயமானதா என்பதையும் சட்டம் பார்க்கும்.

ஆகவே எத்தனை மாதம், எவ்வளவு தொகை, நிறுவனமே நீக்கினாலும் கட்ட வேண்டுமா, இந்த மூன்றையும் எழுத்தில் பாருங்கள். ஒரு பிரதி வாங்குங்கள். அசல் சான்றிதழைப் பிணையாகக் கேட்டால் சேராதீர்கள். பாண்டு பணத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சான்றிதழ் அவர்கள் பெட்டியில் இருந்தால் அடுத்த நேர்காணலுக்கே உங்களால் போக முடியாது.

ஏம்மா, என் மகளுக்குச் சென்னையில் கிடைத்திருக்கிறது. தனியாக அனுப்பலாமா? கல்யாணம் எப்போது என்றுகூடக் கேட்டார்களாமே?

இதைக் கேட்ட அப்பாக்கள் நிறையப் பேர். அனுப்புங்கள் அண்ணாச்சி. தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன. முதல் முறை நீங்களும் கூடப்போய் விடுதியையும் அலுவலகம் போகும் வழியையும் பார்த்துவிட்டு வாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சேரும் நாளில் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

கல்யாணக் கேள்வி கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் கேட்கிறார்கள். ‘இந்த வேலையில் நிலைத்து இருக்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருக்கலாம்.

எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்ல?

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஊர் பெயரைக் கேட்பது பெரும்பாலும் பேச்சைத் தொடங்கத்தான். நெல்லை என்றால் அல்வாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத அதிகாரி அபூர்வம். தெருவைக் கேட்பது அப்படியல்ல. ‘பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சார்’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். மறுபடி கேட்டால் ‘வேலைக்கு அது எப்படித் தொடர்பு என்று புரியவில்லை’ என்று அமைதியாகச் சொல்லலாம்.

என் குழுவில் ஒருவர் அப்படிக் கேட்டபோது, அந்தப் பிள்ளை வெளியே போனதும், இனி அந்தக் கேள்வி வரக்கூடாது என்று எழுத்தில் கொடுத்தேன். முதல் முறை கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்ட அந்த ஒரு தடவை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஊரை விட்டுப் போகாமலே வேலை கிடைக்காதா?

முன்பைவிட வழி இருக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. கங்கைகொண்டானில் சிப்காட்டும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணம் இல்லை. வேலை கிடைக்காவிட்டாலும், ஒரே நாளில் ஐந்தாறு பேரிடம் பேசிப் பழகுவதற்காகவாவது போங்கள்.

பணி ஆணை வந்து ஐந்து மாதம் ஆகிறது. சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருந்தபடியே வேறு இடத்துக்கும் போங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதில்களைச் சேர்த்து வையுங்கள். சேராத வேலைக்கு விசுவாசம் காட்டி உட்கார்ந்தால் அந்தக் காலம் உங்கள் இடைவெளியாகிவிடும். கையில் உள்ள ஆணையை அடுத்த நேர்காணலில் மறைக்க வேண்டியதில்லை.

ஆறு இடத்தில் தேறவில்லை. ‘பிறகு சொல்கிறோம்’ என்பார்கள், சொல்வதே இல்லை. எங்கே தவறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து நாளில் பதில் வராவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கேட்டு எழுதலாம், பெரும்பாலும் பதில் வராது. உங்களை வேண்டாம் என்றது பல சமயம் உங்களால் அல்ல. பத்து இடத்துக்கு நாற்பது பேர் தகுதியோடு நின்ற நாள்களில் நாங்கள் யாரை விடுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறோம்.

ஆனாலும் ஒன்று செய்யுங்கள். நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன்பே, கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். இரவாகிவிட்டால் பாதி மறந்துவிடும். விடை தெரியாத கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள், வாரத்துக்குள் அந்தப் புள்ளிக்கு விடை எழுதுங்கள். என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. நான்காவது நேர்காணலில் புள்ளி வைத்த ஒரு கேள்வியை எட்டாவதில் வேறொருவர் அப்படியே கேட்டார். விடை சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை எந்த மூலையில் இருந்தது என்பதுகூட எனக்கு நினைவுக்கு வந்தது.